கிணற்றுக்குள் கிடந்த காற்று

போன ஞாயிற்றுக்கிழமை சேத்தூரில் என் தங்கை வீட்டுத் தென்னந்தோப்பில் இருந்தேன். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் சருகு அடைத்திருக்கும் என்றார் மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஆள் தேட மாட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார்.

"செத்த நேரம் பொறுங்க. வாளியில வெளக்க வச்சு உள்ள விட்டுப் பாத்துட்டு எறங்குங்க" என்றாள் தங்கை. நாள்பட ஆள் இறங்காத கிணறு என்றால் அங்கே அதுதான் வழக்கம். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"சுத்தி வேம்பும் தென்னையுமா நிக்குது. ஆக்சிஜனுக்கா பஞ்சம்?" என்று சிரித்தேன். மரம் நடுங்கள், காற்று சுத்தமாகும் என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்!

"மச்சானே சொல்லிட்டாரு, பொறவென்ன?" என்று அவரும் இறங்கிவிட்டார்.

பாதி தூரம் போனதும் பேச்சு நின்றது. கூப்பிட்டோம்... பதில் இல்லை. நான் பதறிப்போய் படியில் காலை வைத்தேன். "ஏண்ணே, நீயும் சாவப்போறியா?" என்று தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். எல்லோருமாகக் கயிற்றை இழுத்தோம். மேலே வந்தவருக்கு நினைவே இல்லை.

ராஜபாளையத்து ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றோம். ஒருவழியாகக் கண் விழித்தார்.

டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பச்சை இலை வெயிலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் — பள்ளிக்கூடத்தில் நான் மனதில் வாங்கியது அதுவரைதான். அதே இலை உதிர்ந்து மட்கும்போது அந்த வாயு திரும்ப வெளியே வரும், பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். வெட்டவெளியில் காற்று அந்த வாயுவைக் கலைத்துவிடும். அங்கே அது கொஞ்சமே கொஞ்சம். காற்றோட்டமில்லாத கிணற்றிலோ அப்படியே தேங்கிக் கிடக்கும். அந்த வேம்பு வருஷக்கணக்காக உதிர்த்த சருகெல்லாம் உள்ளேதான் இருந்தது.

மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு நாட்டாமை பண்ணியவன் நான்.

"இந்த வாரம் இதைத்தான் எழுதப் போறேன்" என்று வார்டு வாசலில் தங்கையிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுது. நீ சொல்லித்தான் அவிய எறங்குனாவங்கிறதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன்.