செருப்புப் போட்ட தாபு

என் பெயர் தாபு. எங்கள் பேச்சில் தொல்லை என்று அர்த்தம். நியாசா ஏரிக்கரையில் அம்மா வைத்த பெயர் வேறு. சான்சிபாரில் என்னை விலைக்கு வாங்கிய எசமான்தான் இதை வைத்தார், ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இரண்டு முறை ஓடிப்போனேன். முதல் முறை நாளெல்லாம் ஓடி, இனி நான் சுதந்திர மனுஷி என்று மூச்சு வாங்க நின்ற இடம், அதே கிராம்புத் தோட்டத்தின் பின்வாசல். அடி விழுந்ததைவிட மற்றவர்கள் சிரித்ததுதான் எனக்கு வலித்தது.

இரண்டாம் முறை ஓடியது என் மகள் மவுவாவுக்காக. அவள் மணிக்கட்டில் என் கஞ்சிப் பானை சுட்ட புண் ஆறுவதற்குள், ஏழு வயதுப் பிள்ளையைப் பெம்பா தீவுக்கு விற்றுவிட்டார்கள். நீந்தியே போய்விடலாம் என்று கடலில் இறங்கினேன். பிறந்தது ஏரிக்கரைதான், ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. அது இடுப்பளவு தண்ணீரில்தான் நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே கரையேறினேன்.

தலை நரைத்த பிறகு சட்டம் வந்தது. நேரில் போய்க் கேட்கிற அடிமைக்கு விடுதலை உண்டு என்றார்கள். போனேன்.

"வெளிய போயி எப்பிடிப் பொழைப்ப?" என்று அதிகாரி கேட்டார்.

"இப்ப மட்டும் எசமானா எனக்குச் சமைச்சுப் போடுறாரு?" என்றேன். கொடுத்துவிட்டார்.

அடிமைக்குச் செருப்பும் கூடாது, முக்காடும் கூடாது. அன்றைக்கே இரண்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு, வாத்து நடை நடந்து பெம்பாவுக்குப் படகேறினேன்.

எசமானியைக் கண்டால் அடிமை ஒதுங்கி நின்று, "காலைப் பிடிக்கிறேன், பீவி" என்று சொல்ல வேண்டும். அவள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வாள். வாழ்நாளெல்லாம் சொல்லித் தேய்ந்த எனக்கு, என் முக்காட்டைப் பார்த்து வழியெல்லாம் மற்ற அடிமைகள் சொன்னார்கள். சும்மா சொல்லக்கூடாது, இனித்தது.

பெம்பாவில் ஒரு தோட்டத்தில் பாயில் கிராம்பு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலைகுனிந்தாள். "காலைப் பிடிக்கிறேன், பீவி."

"மரஹபா" என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டு, மகளைப் பற்றி விசாரிக்கப் பெரிய வீட்டுப் பக்கம் திரும்பினேன். செருப்பு புரண்டது. கிராம்பின் மேல் குப்புற விழுந்தேன்.

அவள் ஓடிவந்து கைகொடுத்தாள். "செருப்பு புதுசா, பீவி?" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவள் மணிக்கட்டில் அந்தத் தழும்பு.

"பானை கொதிக்குது, கிட்ட வராதேன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். "அம்மாவா? செருப்போடயா?"

பாயிலேயே உட்கார்ந்து இருவரும் அழுதோம்.

அவளும் போய்க் கேட்டு விடுதலை வாங்கினாள். வாசலில் என் முக்காட்டை அவள் தலையில் போட்டு, குனிந்து அவள் பாதத்தைத் தொட்டேன். "காலைப் பிடிக்கிறேன், பீவி. மரஹபா சொல்லுடி."

"எனக்கு அது வாயில வரலம்மா" என்று என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

அன்றைக்குக் கிராம்புப் பாயருகே எனக்கு மட்டும் எவ்வளவு சுலபமாக வந்திருந்தது.