கேமுக்குக் கொடுத்த தோசைக்கல்

பழைய கேமிங் லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்றியதும் நல்லெண்ணெய் வாடை அடித்தது.

சின்ன வயதில், கெர்லிங் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் நானும் அக்காவும் இதில்தான் கார் பந்தயம் ஓட்டுவோம். கடைசிச் சுற்றில் லேப்டாப் கொதித்து அணைந்துவிடும். அம்மா அதைத் தூக்கி, ஆறிக் கிடக்கும் தோசைக்கல்மேல் வைப்பார்.

“இரும்பு சூட்ட இழுத்துக்கும்லா. ஓட்டு!”

ஓடியது. நாங்கள் ஜெயிக்கும்வரை வீட்டில் தோசை கிடையாது, எல்லாருக்கும் ரொட்டிதான்.

இப்போது நாங்கள் குடிவந்திருக்கும் புக்கிட் செந்தோசா வீட்டில் அதே லேப்டாப்பின் விசிறியை மாற்றினேன், சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவினேன், ரேமைக் கூட்டி எஸ்எஸ்டி போட்டேன். படத்தரத்தைக் கொஞ்சம் குறைத்ததும் போன வருடம் வந்த கேமே திணறாமல் ஓடியது. அடியைத் தொட்டேன், வெறும் வெதுவெதுப்பு.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார், “கல்லு வேணுமா?”

“வேணாம்மா. நீங்க தோசை ஊத்துங்க.”

கேம் ஓடும்போதே எங்கள் வீட்டில் தோசை சுடும் சத்தம் கேட்பது இதுதான் முதல் முறை.