கோடு போட்ட இடத்தில் மூச்சு

நூற்பாலையில் எட்டு வருஷம் தின்ற பஞ்சுத் தூசி எனக்குக் கொடுத்தனுப்பிய பரிசு வீசிங். மில்லை விட்டபின் கோவைப் பொருட்காட்சியில் மைக் அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். குரல் கணீரென்று இருக்கிறது என்று எடுத்தார்கள். மூச்சைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாளே குட்டு உடைந்தது. நீளமான அறிவிப்பின் நடுவே நான் இழுத்த மூச்சு, மைதானத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் விசிலடித்தது. மேனேஜர் வந்தார். எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்பினாலும் மரியாதையாகத்தான் அனுப்புவார்கள்.

"நாளைக்கும் இப்படின்னா வேற ஆள் பாத்துக்கறேனுங்க அம்மணி. தப்பா எடுத்துக்காதீங்க."

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? அந்த வருஷம் வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது.

மறுநாள் மதியம், மனசு ஆறாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அத்தர் வியாபாரி வீடு அது. தெருவில் முதலில் கேபிள் இழுத்தவர்கள். கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், ராப் பாடகர்களைப் பற்றிய ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதைப்படம் இல்லை, அவர்கள் எப்படிப் பாட்டுக் கட்டுகிறார்கள் என்று காட்டும் படம். பாடுகிறார்களா சண்டை போடுகிறார்களா என்றே எனக்குப் புரியவில்லை.

படத்தில் பருத்த பாடகர் ஒருவர் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதினார், அடித்தார், மேஜையைத் தட்டிப் பார்த்து மறுபடி எழுதினார். பத்து வரி எழுதினால் ஒன்றுதான் மிஞ்சியது. பிறகு சொற்களுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டார்.

"அதென்ன கண்ணு கோடு?"

"மூச்சு உடற எடமாம்க்கா. எழுதறப்பவே மூச்சுக்கும் எடம் உட்டு எழுதோணுமாம். அவருக்குச் சின்னதுலருந்தே வீசிங்குங்களாம்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். கேமரா பார்க்கப் பார்க்க உறிஞ்சிவிட்டு மடமடவென்று பாடினார். அதே சாமானை நான் முந்தானையில் முடிந்து ஒளித்து வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவள் செய்த பெரிய உதவி அதுதான்.

சாயங்காலம் இன்ஹேலரை மைக் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்க வைத்தேன். கூட்டத்தில் தாயைத் தொலைத்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மூன்று வயது இருக்கும். வழக்கமான நீள வாக்கியத்தை அடித்துப்போட்டு, துண்டு துண்டாக எழுதி, நடுவே கோடு போட்டேன். விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே வாசித்தேன்.

"மஞ்சள் கவுன். கையில் பலூன். பேர் கேட்டால், அம்மா என்கிறாள். அம்மா எங்கிருந்தாலும், அறிவிப்பு அறைக்கு வரவும்."

மூன்று முறை வாசித்தேன். ஒரு விசில் இல்லை. வாசலில் நின்றிருந்த மேனேஜர், "இப்படியே படிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அந்த மைக் என்னுடையதாக இருந்தது. பேர்கூடத் தெரியாத அந்தப் பாடகரை நினைக்காமல் ஒரு நாளும் நான் அதைத் தொட்டதில்லை.

அன்றைக்கு அந்தத் தாய் ஓடி வந்தாள். பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள். இரைத்த இரைப்பில் சொல்லே வரவில்லை. நான் என் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன்.

"மொதல்ல மூச்சு உடுங்க கண்ணு" என்றேன். "அப்பறமாப் பேசிக்கலாம்."