உதட்டில் ஒட்டிய 'ப'

நான்கு வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊரான பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் காட்டில் புளி உலுக்கிய நாளில் நடந்தது இது.

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். மற்ற எழுத்துகள் எப்படியோ வந்துவிடும். 'ப' மட்டும் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த ஊர்ப் பெயரைப் பாருங்கள்! பஸ்ஸில் "கடைசி ஸ்டாப்" என்று டிக்கெட் வாங்கி, நடுவில் எங்கள் ஊரில் இறங்கிக்கொள்வேன். கடையில் பருப்பைத் 'தொவரை' என்பேன். நாற்பது வயது வரை இப்படியே ஓட்டிவிட்டேன். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மரத்தடிச் சருகில் புளி பொறுக்கிய என் மகள், காலில் முள் குத்திவிட்டது என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. சருகுக்குள் ஒரு வால் நழுவிப் போனதை நான் மட்டும் பார்த்தேன். அவள் பயந்துவிடக் கூடாதே என்று, முள்தான் என்று சொல்லி பைக்கில் உட்காரவைத்துப் பறந்தேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நர்சம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். 'ப' உதட்டில் ஒட்டியதுமே, பழக்க தோஷம், வாய் வேறு வழியில் போய்விட்டது.

"ஏதோ குத்திடுச்சுங்க."

மகளும் முள் என்றாள். ஊசி போடலாம், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைப் பார்க்கப் போனார். சொல்லவே கூசுகிறது, நானும் உட்கார்ந்தேன். அத்தனை பேர் முன்னால் திக்கிச் சிரிப்பு வாங்கப் பயம். அந்த வார்த்தையை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கண்ணு சொக்குதுப்பா."

மகளின் இமைகள் பாதி மூடியிருந்தன. இரு கைகளிலும் அவளை அள்ளிக்கொண்டு நர்சம்மாவிடம் ஓடினேன். 'ப்' என்றதோடு உதடு பூட்டிக்கொண்டது. வரிசையில் நின்ற ஒருவர் பல் வலியா என்றார். இன்னொருவர் பசியா என்றார். யாரோ சிரித்தார்கள். ஒரு வார்த்தை வராததால் என் பிள்ளை போய்விடுவாளோ! வேறு வார்த்தை தேடினேன். எங்கள் பக்கம் பாம்புக்கு இன்னொரு பெயர் பூச்சி. அதிலும் 'ப'தான்!

நர்சம்மா எல்லோரையும் கையமர்த்தினார்.

"நீங்க சொல்லுங்கண்ணா, நான் கேக்கறன்."

முதல்முறையாக ஓடி ஒளியாமல் அந்த 'ப'விலேயே நின்றேன்.

"ப்... ப்... பா... பாம்புங்க."

அடுத்த நொடி மகளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்றார் டாக்டர். மீதி எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போதெல்லாம் ஊர்ப் பெயரைச் சொல்லியே டிக்கெட் வாங்குகிறேன். 'ப' இன்னும் முரண்டுதான் பிடிக்கிறது. போன வாரம் ஒரு கண்டக்டர் எனக்காகச் சொல்லி முடிக்கப் பார்த்தபோது, "இருங்கண்ணா, எங்கப்பாவே சொல்லுவாரு" என்றாள் மகள். திக்குவதற்கு நான் இப்போது வெட்கப்படுவதில்லை. திக்கிவிடுவேனோ என்று வாயை மூடி உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.