மலர் மிஸ் ஏற்காத தீர்ப்பு

அன்று காலை நான் நீதிமன்ற விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். நான் வாதாட வந்த வழக்கைக் கூப்பிட இன்னும் நேரமிருந்தது. தொலைபேசியில் வந்தவர் மலர் மிஸ்ஸின் தம்பி. "அக்கா மோசம் போயிட்டா, மிஸ். விடியக்குள்ளதான். தன்னாமுனை வீட்டதான் வச்சிருக்கம்," என்று சாவுச் செய்தி சொன்னார். நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவிருப்பது, அதே நேரத்தில் உள்ளேயிருந்து கேட்ட இன்னொரு குரல். சிறுமி ஒருத்தியைச் சீரழித்த ஒருவருக்காக அவருடைய சட்டத்தரணி கருணை கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பஸ்தர், முன்குற்றம் எதுவும் இல்லாதவர், ஊரில் மதிப்புள்ளவர் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அந்தச் சொற்களைக் கேட்டால் மலர் மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிடும். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

செல்வமலர் என்பது அவருடைய முழுப்பெயர். எங்கள் மாவட்டத்தில் நீண்டகாலம் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்தார். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்துவிட்டால் வீட்டுக்குப் போவது, பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் கூட்டிப்போவது, வழக்கு முடியும்வரை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது எல்லாம் அவருடைய வேலை. இந்த வேலை செய்கிறவர் என்றதும் கனிந்த முகமும் மெல்லிய குரலும் உங்கள் மனதில் வந்தால், நீங்கள் அவரைச் சந்தித்ததில்லை. கட்டையான உருவம், உரத்த தொண்டை, எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற பழக்கம். அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் ஒருமுறையாவது ஏச்சு விழுந்திருக்கும். எனக்குப் பலமுறை விழுந்திருக்கிறது.

நான் அவரை முதலில் கண்டது ஒரு பொலிஸ் நிலையத்தில். ஊரின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் எழுத மாட்டேன். சட்டம் அதை அனுமதிக்காது, அனுமதித்தாலும் எழுத மாட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அவள். புலமைப்பரிசில் பரீட்சைக்காக அவளை அனுப்பிய ரியூசன் வகுப்பின் வாத்தியார்தான் அவளைத் துன்புறுத்தியவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவளிடம் நடந்ததைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிவர ஆண்கள். வேறு அலுவலாக வந்தவர்கள்கூடக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். மலர் மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் பிள்ளைக்கு முன்னால் போட்டுக் குந்தினார்.

"இஞ்ச நிக்கிற ஆம்புளைகள் எல்லாரும் வெளியில போங்க. மறுகா கேக்கலாம்."

"நீங்க ஆரு எங்களுக்குச் சொல்ல?" என்றார் பொறுப்பாக இருந்தவர்.

"நான் இந்தப் புள்ளைக்குப் பொறுப்பான ஆள். நீங்களும்தான். உங்களுக்கு அது மறந்து போச்சு."

அறை காலியானது. பெண் பொலிஸ் ஒருவர் வந்தார். பாதிக்கப்பட்ட பிள்ளையின் தரப்பில் அந்த வழக்கைக் கவனிக்க வந்த சட்டத்தரணி நான். ஆனால் அன்று நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை.

பிள்ளையின் தகப்பன் வாவியில் மீன் பிடிக்கிறவர். வழக்குப் போட்ட சில நாட்களிலேயே ஊரின் முக்கியஸ்தர்கள் அவருடைய வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வழக்கைக் கைவிடச் சொல்லத்தான். நாங்கள் இருவரும் அப்போது அங்கே இருந்தோம். வந்தவர்களில் ஒருவர், "புள்ளைட எதிர்காலத்த ஒருக்கா யோசிங்க," என்று மிக அன்பாகச் சொன்னார். மலர் மிஸ் எழும்பி நின்றார். "நான் புள்ளைட எதிர்காலத்தத்தான் யோசிக்கிறன். உங்கட கண்ணுக்குத்தான் வாத்தியார்ர எதிர்காலம் மட்டும் தெரியுது." அவர்கள் போனபிறகு தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "வழக்க விடமாட்டன், மிஸ்," என்றார். அவர் விடவில்லை.

விடாமல் இருந்தது அந்தக் குடும்பம். இழுத்தது மற்றவர்கள். வழக்குத் தவணை தவணையாகப் போனது. ஒருநாள் எதிரியான வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருநாள் சாட்சி வரவில்லை, இன்னொருநாள் கோப்பு வந்து சேரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதினாள், உயர்தர வகுப்புக்குப் போனாள். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் நடந்ததை மறுபடி நினைத்துப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். தவறிப்போய் ஒரு சின்ன விபரத்தை மாற்றிச் சொன்னால் பொய் சொல்கிறாள் என்பார்கள். ஒருநாள் அவள் மலர் மிஸ்ஸிடம், "நான் எப்ப மிஸ் இத மறக்கலாம்?" என்று கேட்டாள். நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். மலர் மிஸ் வீதியோரத்தில் நின்றுவிட்டார். "எப்ப மறக்கலாமெண்டு எனக்குச் சொல்லத் தெரியல்ல, மகள்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "செஞ்சவன் அண்டைக்கே மறந்திருப்பான். இவள் மறக்கக் கூடாதெண்டு சட்டம் சொல்லுது. நல்லா இரிக்கி உங்கட சட்டம்," என்றார்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. விசாரணை முடிவதற்குள், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்றிருந்த குற்றச்சாட்டைத் தொந்தரவு என்ற சிறிய குற்றச்சாட்டாகக் குறைத்தார்கள். எதிரி அதை ஒப்புக்கொண்டார். பழைய குற்றச்சாட்டில் நீண்ட சிறைத்தண்டனை நிச்சயம். புதியதில் அப்படி ஒன்றும் நிச்சயமில்லை. இரண்டு வருடச் சிறை விதிக்கப்பட்டு, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் குற்றம் செய்யாமலிருந்தால் ஒருநாள்கூடச் சிறைக்குப் போகத் தேவையில்லை என்பதுதான் இதன் பொருள். இதை அந்தக் குடும்பத்துக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

"அப்ப அவர் இப்ப வீட்ட போறாரா?" என்று பிள்ளை கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவர் வாகனத்தில் போனார். நாங்கள் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். பிள்ளை ஊருக்குப் போய் இறங்கியபோது வாத்தியாருடைய வீட்டுப் பக்கம் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்களாம். அடுத்தநாள் மலர் மிஸ் எனக்கு அதைச் சொன்னார். தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, நீதிபதிக்குத் தானே முடிவெடுக்கும் தற்றுணிவு இருக்கிறது என்று நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். "சட்டத்தில அவனுக்கு இடமிருக்கு. குடும்பத்துக்காக இடமிருக்கு, வயசுக்காக இடமிருக்கு, மரியாதைக்காக இடமிருக்கு. புள்ளைக்கு எங்க இடமிருக்கு, ஷிபானா? காட்டுங்க பாப்பம்!" என்று கத்தினார். நீதிமன்ற வளவில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு கொஞ்சக் காலத்தில், வேறொரு மாவட்டத்தில் ஒரு குழந்தை கொல்லப்பட்ட செய்தி வந்தது. செங்கலடியில் ஊர்வலம் நடந்தது. தூக்கில் போடு என்று எழுதிய பதாகைகள். பேச வரச் சொல்லி மலர் மிஸ்ஸையும் கேட்டிருந்தார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நன்றாகப் பார்த்தார்.

"தூக்குக் கேக்கிறீங்க. நல்லது. ஆனா இந்தக் கூட்டத்தில நிக்கிற சில பேர் என்னட்ட வந்து, வேறொரு புள்ளைட வழக்க விடச் சொல்லிக் கேட்ட ஆக்கள். எனக்கு முகம் மறக்காது. தூரத்து ஊர்க் கள்ளனுக்குத் தூக்கு, உங்கட ஊர்க் கள்ளனுக்கு வெடியும் மாலையுமா?"

கைதட்டல் இல்லை. அவர் இறங்கி வந்து பஸ் ஏறிப் போய்விட்டார். தண்டனை போதுமா என்று அவரிடம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் கூடக் கேக்கல்ல. சட்டம் எழுதி வச்சிரிக்கிறதக் குடுங்க எண்டுதான் கேக்கிறன்." தண்டனையைக் கூட்டினால் வீட்டுக்காரர்கள் குற்றத்தை மறைப்பார்கள் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இருக்கிற தண்டனையையே கொடுக்காமல், கூட்டுவதா குறைப்பதா என்று பேசிக்கொண்டிருப்பது எங்களை நாங்களே ஏமாற்றும் வேலை. அதை எனக்கு உறைக்கச் செய்தவர் அவர்.

வாத்தியார் வகுப்பைத் திரும்பவும் திறந்தார். பிள்ளைகளும் போனார்கள். மலர் மிஸ் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரே போனார். "நான் ஒண்டும் புதுசாச் சொல்லல்ல. அவர் தன்ட வாயால ஒப்புக்கொண்டதத்தான் சொல்றன். மறுகா உங்கட விருப்பம்." வகுப்பு ஆளில்லாமல் மூடப்பட்டது. மலர் மிஸ்ஸின் மேல் முறைப்பாடு போனது. மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கும் வாகரைக்கு மாற்றினார்கள். தண்டனையாகத்தான் மாற்றினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குற்றம் செய்தவரின் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. குற்றத்தைச் சொன்னவரின் தண்டனை உடனே நிறைவேறியது. தன்னாமுனையிலிருந்து வாகரைக்கு எவ்வளவு தூரமென்று உங்களுக்குத் தெரியும். அவர் அந்தப் பஸ்ஸிலேயே ஓய்வுபெறும்வரை போய்வந்தார். வாகரையிலும் ஏசினார். வாகரையிலும் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள்.

இதற்கிடையில், தண்டனை போதாது என்று மேன்முறையீடு செய்யச் சொல்லி அரச தரப்பை நாங்கள் விடாமல் கேட்டோம். செய்தார்கள். அதுவும் இழுபட்டது. மேன்முறையீட்டில் ஒத்திவைப்பு நீக்கப்பட்டு, அந்தச் சிறிய குற்றத்துக்கு விதிக்கக்கூடிய ஆகக்கூடிய தண்டனையான ஐந்து வருடச் சிறை விதிக்கப்பட்டது. அந்த மனிதர் இப்போது சிறையில் இருக்கிறார். செய்தியைச் சொல்ல, மலர் மிஸ் இருந்த வைத்தியசாலைக்கு ஓடினேன். புற்றுநோய் அவரை அப்போது பாதியாக்கியிருந்தது. குரல் மட்டும் குறையவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அஞ்சா?" என்றார். "வழக்கு வழக்கெண்டு புள்ள அதவிடக் கூட இருந்து முடிச்சிட்டாளே."

அடுத்த கட்டிலில் இருந்த பெண் எங்களைப் பார்த்தாள். மலர் மிஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். பிறகு, "பரவாயில்ல, உள்ள போனானே. புள்ளைக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். சொல்லியாயிற்று என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

தன்னாமுனை வீட்டில், பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி அந்தப் பிள்ளை நின்றாள். இப்போது வந்தாறுமூலையில், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தாள். வந்திருந்த சிலர் அவளை அடையாளம் கண்டு, வழக்கமான பரிதாபப் பார்வையைப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்தாள்.

"எல்லாரும் என்னப் பாத்து அழுதவங்க, மிஸ். என்ட சொந்தக்காரரும் அழுதவங்க. மலர் மிஸ் மட்டும் ஒருநாளும் அழல்ல. எனக்காக ஏசினா. ஆராவது எனக்காக ஏசினாத்தான், நடந்தது பிழை எண்டு எனக்கு நம்பிக்கை வந்திச்சு."

இதைப் படிக்கிறவர்களில் அவரை அறிந்த ஒவ்வொருவரும் அவரிடமிருந்து எதையாவது வைத்திருப்பீர்கள். எனக்கு அவருடைய படம் வேண்டாம், பாராட்டுப் பத்திரம் வேண்டாம், அவர் பெயரில் ஒரு மண்டபமும் வேண்டாம். இரக்கப்படுவதற்கு இந்த ஊரில் நிறையப்பேர் இருக்கிறோம். அவர் ஏசிய ஏச்சை நான் எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் இனிமேல் என் குரல் கொஞ்சம் உரத்துக் கேட்டால், யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். பதில் சொல்லுங்கள்.