பஞ்சாலைக் கம்ப்யூட்டரை ஆன் செய்த கதை

எங்கள் வேலையில் ‘ஆன் பண்ணிப் பார்ப்போமா?’ என்பதுதான் யாரும் கேட்கக்கூடாத கேள்வி. பழைய மிக்ஸியையோ டிவியையோ கழற்றிப் பார்த்துவிட்டு, மூடிய பிறகு ஒரு ஸ்குரு மிச்சமிருப்பதைக் கண்டு வேர்த்துப்போன எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

எனக்கு ராஜபாளையத்தில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை. எங்கள் ஊர்ப் பஞ்சாலை ஒன்றில் அந்தக் காலத்தில் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெரிய கம்ப்யூட்டர், பீரோ பீரோவாக ஆறு பெட்டி, குடோனில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மில்லுக்காரர்கள் அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை ஓட வைக்கிறோம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர். நான், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் சேசுராஜ் சார், மில்லில் இதே மெஷினில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரான விஜயா மேடம். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வேலை நாள்.

அறக்கட்டளைச் செயலாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். புது ஹால் திறப்பு விழாவுக்குள் மெஷின் ஓடினால் ஹாலில் இடம். ஓடாவிட்டால் விளக்கு மினுக்கும் முன்பக்கப் பலகை மட்டும் சுவரில் தொங்கும். மிச்சமெல்லாம் பழைய இரும்புக் கடைக்கு.

மடியில் இருந்த பெட்டி

மெஷினை லாரியில் ஏற்றிய அன்று மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. ஆறு பெட்டிக்கும் தார்ப்பாய் கட்டினோம். தனியாகக் கழற்றி எடுத்த மெமரி இருந்த சின்னப் பெட்டியை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வளையங்கள், ஆயிரக்கணக்கில், தலைமுடி மாதிரி கம்பியில் கோத்திருக்கும். ஒரு கம்பி அறுந்தாலும் திருப்பிக் கோக்க எங்களால் ஆகாது.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். மழைத் துளி கண்ணாடியில் விழுந்ததும் சட்டையைக் கழற்றிப் பெட்டிமேல் போர்த்தினேன். சேத்தூர்க்கார டிரைவர் செத்த நேரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “அண்ணே, நான் முட்டை லோடு ஓட்டுறவன். முட்டையே உடைஞ்சதில்ல. நீங்க கொஞ்சம் மூச்சு விட்டு வாங்க, எனக்குப் பயமா இருக்கு.”

வெடித்தது

கரன்ட்டைத் தேக்கி வைப்பது கப்பாசிட்டர்; பல வருஷம் கரன்ட் பார்க்காத கப்பாசிட்டருக்கு எடுத்தவுடன் முழு கரன்ட்டும் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அன்றைக்கு வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டிருந்தவன் நான். பெட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து மீட்டர் வாசித்துக்கொண்டிருந்தவர் சேசுராஜ் சார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று யாரோ அறைந்த மாதிரி ஒரு சத்தம். கப்பாசிட்டர் ஒன்று வெடித்து, காகிதத் துணுக்கும் வெள்ளைப் புகையும் அறை முழுக்கப் பறந்தன. சார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஜயா மேடம் அவர் முகத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். நான் சாரை ஆட்டோவில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே போனவர் வெளியே வரும்வரை நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மெஷினுக்காக ஒரு மனுஷனின் கண்ணைக் கொடுத்துவிட்டேனோ என்றே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் டாக்டர் வந்து, மூக்குக்கண்ணாடி காப்பாற்றிவிட்டது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார்.

அதற்குள் சாரின் மனைவி மம்சாபுரத்திலிருந்து வந்து சேர்ந்தார். புருஷன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “அண்ணே, வீட்டுல பல்பு மாட்டச் சொன்னா தலை சுத்துதுன்னு நாற்காலில ஏற மாட்டாக. இங்க வந்து குண்டுக்கு முன்னால உக்காந்திருக்காகளா?”

எது முதலில்?

சார் அடுத்த ஞாயிறே வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வெடித்ததை மாற்றினோம். அடுத்தது, முழு மெஷினுக்கும் கரன்ட் கொடுப்பது. டேப் சுற்றும் பெட்டிக்கு ஒன்று, கணக்குப் போடும் பெரிய பெட்டிக்கு ஒன்று என்று இரண்டு பட்டன். எதை முதலில் அழுத்துவது என்று எங்கேயும் எழுதியில்லை. விஜயா மேடத்தைத்தான் கேட்க வேண்டும். அவர் யோசிக்காமல் சொன்னார், “டேப் பெட்டி முதல்ல, பொறவு பெரிய பெட்டி.” அடுத்த வாரம் மறுபடி கேட்டேன். அதே வேகத்தில், “பெரிய பெட்டி முதல்ல” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. தினமும் காலையில் தான் செய்த வேலை தனக்கே மறந்துபோச்சே என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தப்பான வரிசையில் போட்டால் மெமரி போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தம்மா இனி வரமாட்டாரோ என்ற பயம் அதைவிடப் பெரிசாக இருந்தது.

சேசுராஜ் சார் பலகையைக் கழற்றி ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார். உள்ளே தானாகவே சுவிட்ச் போடும் ரிலே இருந்தது. எந்தப் பட்டனை முதலில் அழுத்தினாலும் அது தன் வரிசையில்தான் கரன்ட்டை விடும். நான் ராஜபாளையத்தில் மேடம் வீட்டுக்கே போய், நீங்கள் சொன்ன இரண்டும் சரிதான் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப அம்புட்டு வருஷமும் ஒண்ணு மாத்தி ஒண்ணு அழுத்திரக் கூடாதேன்னு நான் நெஞ்சு படபடக்க நின்னதெல்லாம் சும்மாதானா?”

ஆனால் ஞாயிறு வந்துவிட்டார்.

ஆயுத பூஜை

மியூசியத்தைப் பெருக்கிக் கூட்டும் பேச்சியம்மாவிடம் மெஷினைத் தொடாதே என்று பல தடவை சொல்லியிருந்தோம். ஆயுத பூஜைக்கு மறுநாள் போய்க் கதவைத் திறந்தால், முன்பக்கப் பலகை முழுக்கச் சந்தனம், குங்குமம். பட்டன் இடுக்கில் எல்லாம் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. மேலே வைத்த எலுமிச்சம்பழப் பாதியிலிருந்து சாறு வடிந்து, காற்றுப் போகும் சல்லடை வழியாக உள்ளே இறங்கியிருந்தது. கீழே பார்த்தால் சர்க்யூட் அட்டை ஈரமாக இருந்தது.

அட்டையைக் கழற்றி, கழுவி, ஒரு வாரம் காய வைத்தோம். எனக்குக் கோபம் தாங்காமல் பேச்சியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சாமி கும்பிடாம போட்டதாலதான சார் அன்னைக்கு வெடிச்சுச்சு? அந்த சேசுராஜ் சார் கண்ணுக்காகத்தான் நான் வேண்டிக்கிட்டேன்.”

திறப்பு விழா

விழாவன்று பள்ளிப் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்கள், மில்லில் வேலை பார்த்தவர்கள் என்று ஹால் நிரம்பிவிட்டது. விஜயா மேடம் பட்டனை அழுத்தினார். விசிறிகள் உறுமின, விளக்குகள் மினுங்கின. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரிண்டர் தகர டப்பாவில் கல் உருட்டின மாதிரி கத்திக்கொண்டு அ‌ச்சடிக்க ஆரம்பித்தது. ஒன்று முதல் வரிசையாக எண்கள், ஒரு பிழை இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். மேடம் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். சிறப்பு விருந்தினர் மெஷினோடு போட்டோ எடுக்க எழுந்தார்.

காற்று வருகிறதா என்று தெரிய ஒவ்வொரு விசிறி வாயிலும் ரிப்பன் கட்டியிருந்தோம். மூன்றாவது பெட்டியில் ரிப்பன் தொங்கிப்போயிருந்தது. போட்டோ முடியட்டும் என்று ஒரு நொடி தயங்கினேன். பிறகு ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டேன். ஹால் சட்டென்று அமைதியானது. விருந்தினர் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். விசிறியின் பேரிங் இறுகியிருந்தது. உள்ளே அட்டைமேல் கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

செயலாளர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். அவர் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்: “ஓடுச்சுல்ல, போதும், ஹால்லயே இருக்கட்டும். மாசா மாசம் ஓட்டிக் காட்டுவோம்னு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிட்டேன்.”

ஆக, ஓடவே ஓடாதோ என்று பயந்த காலம் முடிந்து, ஓடுகிறதே என்று மாதாமாதம் பயப்படும் காலத்துக்கு நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்திருக்கிறோம்.