வாசல் லைட்டும் ஒரு விசாவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்பிரிங்வேலில் ஒரு மருந்துக்கடையில் வைத்து என் மனைவி சத்தியம் செய்தாள். ஒரு பக்கம் இருமல் மருந்து, மறுபக்கம் சன்ஸ்கிரீன். நடுவில் நின்று, தான் எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டாள்.

எதைப் பற்றிய உண்மை? இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பதைப் பற்றி!

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் சத்தியக் கடதாசிக்கு மருந்துக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். காதலுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே கவுண்டர்தான்.

என் மனைவி பவானியை உங்களுக்குத் தெரியும். நான் எழுதும் இந்தப் பத்தியில் மாதத்துக்கு ஒரு முறையாவது வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறவள். அவளைப் போய் காதலுக்குச் சாட்சி சொல்ல வைத்த கதை இது.

நோபல் பார்க்கில் எங்கள் வீட்டில் சுதா என்ற பிள்ளை தங்கியிருக்கிறாள். பவானியின் ஒன்றுவிட்ட அக்கா மகள். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கவுண்டிங் படிக்க வந்தவள். வந்த இடத்தில், கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு ஓடித் திரிந்த நிமலனைப் பிடித்துப்போயிற்று. நிமலன் டண்டினோங்கில் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்கிறான். சின்ன வயதிலேயே பெற்றோருடன் வந்து குடியுரிமை எடுத்தவன். இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். எழுத்தும் நடந்து முடிந்தது.

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். சட்டத்துக்கு அது முழுக் கல்யாணம். எங்கள் ஆட்களுக்கு அரைக் கல்யாணம். தாலி ஏறும்வரை பெண் பெண் வீட்டில், மாப்பிள்ளை மாப்பிள்ளை வீட்டில். சுதாவின் தாலிக்கு நாளும் பார்த்தாயிற்று. ஆனால் அவளுடைய அப்பாவுக்கு இங்கே வர விசிட்டர் விசா கிடைக்கவில்லை. மறுபடி போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அப்பா வந்து கையைப் பிடித்துக் கொடுக்காமல் தாலி கட்டுவதில்லை என்று சுதா ஒரே பிடியாக நின்றாள். கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது.

இதற்கிடையில் அவளுடைய மாணவர் விசாவும் முடிவுக்கு வந்தது. எழுத்துத்தான் இருக்கிறதே... கணவன் வழியில் நிரந்தர வதிவுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். எல்லாம் சரி என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் குடிவரவு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. முதலில் சுதாவுக்கு. எங்கே வசிக்கிறீர்கள்? நோபல் பார்க். கணவர்? ஸ்பிரிங்வேல். அவருடைய வீட்டில் எப்போதாவது தங்கியிருக்கிறீர்களா?

"நோ! நெவர்!" என்றாள் சுதா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ஒழுங்காக வளர்ந்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

அடுத்து நிமலனுக்கு. உங்கள் வீட்டில் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது யார் என்று கேட்டார்களாம். நாங்களெல்லாம் இந்த நாட்டுக்கு வந்து முதலில் கற்றுக்கொண்ட குடும்பக் கடமை அதுதானே! நிமலன் யோசிக்காமல், "என் வீட்டில் நான். அவளுடைய வீட்டில் அங்கிள்" என்று சொல்லியிருக்கிறான்.

அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நீங்கள் கணவன் மனைவியாக வாழ்வதாகத் தெரியவில்லை, விளக்கம் தரவும் என்று. விளக்கம் சரியில்லாவிட்டால் விசா இல்லை. சுதா ஊருக்குப் போக வேண்டியதுதான். திரும்பி வர எத்தனை காலமாகும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். விசாவுக்காகவே கல்யாணம் செய்து, விசா வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்தானே? அந்த அதிகாரியின் கண்ணுக்கு இந்தப் பிள்ளைகளும் அதே மாதிரித்தான் தெரிந்திருப்பார்கள். ஆனாலும் மனது கேட்கவில்லை. சேர்ந்திருந்தால் நம்முடைய சனம் கதைக்கும். சேராமலிருந்தால் அரசாங்கம் கடிதம் போடும். இந்தப் பிள்ளைகள் எங்கேதான் போவது?

ஆலோசனை சொல்ல மட்டும் ஆட்களுக்குக் குறைவே இல்லை. ஒரு நண்பர், நிமலனின் நாலு ஷேர்ட்டைச் சுதாவின் அலுமாரியில் தொங்கவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இன்னொருவர், இரண்டு பேரும் ஒரே நாளில் உடுப்பை மாற்றி மாற்றிப் பல இடங்களில் படம் எடுக்கலாம், ஒரு வருடத்துக் கதையை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்றார். உண்மையாக வாழ்கிறவர்களைக் கள்ளராக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள் போலிருந்தது.

நிமலன் குசினிக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். "அன்ரி, நான் நாளைக்கே இஞ்ச வந்து இருக்கட்டே?" என்று மெதுவாகக் கேட்டான்.

சுதாவை அனுப்பும்போது, தாலி ஏறும்வரை கண்ணுக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லிப் பவானியிடம் அக்கா அழுதிருக்கிறாள். இவளும் ஓம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம், அப்பா வரட்டும் என்றாள். கண்ணீரோடு சொன்னாலும் உறுதியாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை பவானி என்னைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினாள்.

"நான் பொய் எழுதமாட்டன். நடந்ததைச் சொல்லுறன், நீங்கள் இங்கிலீசில அடியுங்கோ."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். முதலில் எழுத்து, தாலி, நம் வழக்கம் எல்லாம். பிறகு வந்தது விஷயம்.

நிமலன் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். சுதா புட்டுக்கு மா குழைக்க அவன் தேங்காய் திருவுவான். சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுவான். கழுவிய சட்டியை மறுபடி எடுத்துக் கழுவுவான், எழும்பிப் போக மனமில்லாமல். சப்பாத்து லேஸ் கட்ட ஒரு மனிசனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நிமலனுக்குச் சுதா ஒரு முழுக் கதை சொல்லி முடிக்கும் நேரம் வேண்டும். கார்வரை வழியனுப்பப் போகிறவள் திரும்பி வர மாட்டாள். கார் ஸ்டார்ட் ஆகாது. பவானி வாசல் லைட்டை ஒரு தரம் அணைத்து மறுபடி போடுவாள். அசைவில்லை. இரண்டாம் தரம் அணைத்துப் போட்டால்தான் என்ஜின் சத்தம் கேட்கும்.

இதெல்லாம் நான் கவனித்ததேயில்லை. அந்த நேரம் டிவிக்கு முன்னால் இருந்திருப்பேன்.

கடைசி வரியைச் சொல்லும்போது பவானியின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"அவன் ஒருநாளும் தானா எழும்பிப் போனதில்லை. ஒவ்வொரு நாளும் நான்தான் அனுப்பினனான். அவை சேர்ந்து இருக்காததுக்குக் காரணம் நான். விருப்பமில்லாமல் இல்லை எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். எத்தனையோ வருடமாகப் பத்தி எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

மருந்துக்கடையில் இருந்தவர் ஒரு வியட்நாமியப் பெண். கையெழுத்தை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அவர் கண் கடதாசிக்குள் போய்விட்டது. வாசல் லைட் வந்த இடத்தில் சிரித்தார். தன்னுடைய அம்மாவும் இதையேதான் செய்தார் என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

போன வியாழக்கிழமை பதில் வந்தது. விசா கிடைத்துவிட்டது! இப்போதைக்குத் தற்காலிகம். இரண்டு வருடம் கழித்து, சேர்ந்து வாழ்கிறோம் என்று மறுபடி காட்டினால் நிரந்தரம். சுதா அதை வாசித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். பவானி அதற்குள் கேசரிக்கு ரவை வறுக்கத் தொடங்கிவிட்டாள்.

பின்னேரம் நிமலன் வந்தான். சாப்பிட்டோம், சிரித்தோம், ஸ்கைப்பில் யாழ்ப்பாணத்தோடு கதைத்தோம். சுதாவின் அப்பாவுக்கு இன்னும் பதில் வரவில்லையாம். கோப்பைகள் கழுவியாயிற்று. நிமலன் ஒரு நம்பிக்கையோடு கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தான். அரசாங்கமே கணவன் என்று ஒத்துக்கொண்ட பிறகு என்ன பயம்?

பவானி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, விசாதான் வந்தது. தாலி இன்னும் வரேல்லை. நேரமாச்சு."

நிமலன் சப்பாத்து லேஸைக் கட்டத் தொடங்கினான்... பவானி அன்றைக்கு வாசல் லைட் பக்கமே போகவில்லை.